பெற்றோர் மூலை

கண்டியில் கண்காட்சி ஸ்டால்களுக்குள் "பெற்றோர் மூலை" என்ற ஒன்றை முதலில் கட்டியவன் நான். எனக்கு முன்பே யாராவது கட்டியிருந்தால் சண்டைக்கு வரலாம். இதுவரை யாரும் வரவில்லை. அந்த மூலையில் வைத்துத்தான் என் ஒரே மகளைப் பறிகொடுத்தேன் என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அவள் உயிரோடுதான் இருக்கிறாள், இங்கிலாந்தில் ஒரு ஊரில். பறிகொடுத்தேன் என்பது பெரிய சொல் என்று எனக்கும் தெரியும். வேறு சொல் வாயில் வரவில்லை.

என் தொழில் என்னவென்று கேட்பவர்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம். வர்த்தகக் கண்காட்சி, கல்விக் கண்காட்சி, வீடு கட்டும் சாமான் கண்காட்சி, எது நடந்தாலும் மண்டபத்துக்குள் ஆளுக்கு ஒரு சதுரம் கொடுப்பார்கள். மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர். அந்த வெறும் சதுரத்தை மூன்று நாளைக்கு மட்டும் மாளிகையாக்கிக் கொடுப்பது என் வேலை. நாலாம் நாள் அது குப்பை. கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. தச்சரை நாங்கள் பாஸ் என்போம், அப்படி இரண்டு தச்சு பாஸ்மார், மின்வேலைக்கு ஒருவர், வரைவதற்கும் சத்தம் போடுவதற்கும் நான். வீடும் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

நான் தொடங்கிய காலத்தில் ஸ்டால் என்றால் ஒரு மேசை. மேசைக்கு மினுங்குகிற துணியில் ஒரு பாவாடை, பின்னால் ஒரு பெனர், இரண்டு பிளாஸ்டிக் பூச்சாடி, ஒரு கிண்ணத்தில் டொபி. வருகிறவர் டொபியை எடுத்துக்கொண்டு, கொடுத்த கையேட்டை அடுத்த ஸ்டால் மேசையில் வைத்துவிட்டுப் போவார். பிறகு பிளைவூட் காலம் வந்தது. வளைவு, தூண், படி எல்லாம் பலகையில் செய்து வெள்ளைப் பூச்சுப் பூசினோம். கம்பெனியின் பெயர் கூரையைத் தொடவேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். தொட வைத்தோம். ஒருமுறை அது மின்விசிறியையும் தொட்டது, அந்தக் கதை வேண்டாம்.

இப்போது பலகையை யாரும் சீந்துவதில்லை. அலுமினியச் சட்டம், அதில் இழுத்துப் பூட்டுகிற அச்சடித்த துணி, துணிக்குப் பின்னால் விளக்கு. முழு ஸ்டாலும் நாலு பையில் அடங்கிவிடும். அடுத்த மாதம் குருநாகலுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோய்த் துணியை மட்டும் மாற்றினால் போதும். வெளிநாட்டில் இதற்குச் சுற்றாடல் மேல் உள்ள அக்கறை என்று பெயர். எங்களுக்கு அது பலகை விலை. பொருளாதார நெருக்கடி வருடத்தில் பிளைவூட் கண்ணில் காட்டாத சாமான் ஆனதும், நாங்களும் திடீரென்று காடுகளை நேசிக்கத் தொடங்கினோம்.

செலவும் இடம் மாறிவிட்டது. முன்பு பெரும்பங்கு பலகைக்கும் தச்சுக்கூலிக்கும் போகும். இப்போது திரைக்கும் வெளிச்சத்துக்கும் போகிறது. அதற்கும் மேலே, ஆட்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மூலைக்கு. முன்மேசை போய்விட்டது. மேசை என்பது சுவராம், வருகிறவரைத் தடுக்கிறதாம். கையேடும் போய்விட்டது, ஒரு சதுரக் கட்டத்துக்கு நேரே போனைப் பிடித்தால் எல்லாம் வந்துவிடும். வாடிக்கையாளர்கள் செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தோடு வருகிறார்கள். படத்தில் கூரை ஆகாயத்தில் மிதக்கும். "இதே மாதிரி வேணும்" என்பார்கள். இதைத் தாங்குகிற தூண் எங்கே என்று நான் கேட்டால், காலம் தெரியாத கிழவன் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். வந்து என்ன, போய்க் கட்டிக் கொடுப்பேன், கம்பி தெரியாமல் தொங்கவிட்டு.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. முதல் திருகாணி ஏறியதிலிருந்து கடைசித் திருகாணி கழலும்வரை ஸ்டாலுக்குள் நின்று குறை பேசக் கூடாது. விழும், உடையும், சரிவராது, வேண்டாம் என்ற பேச்சே அதற்குள் எடுபடாது. சொல்ல இருந்தால் மண்டபத்துக்கு வெளியே போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். மூத்த தச்சு பாஸ் கொண்டுவந்த வழக்கம் இது. ஒருமுறை ஒரு வளைவுக்குக் கீழே நின்று யாரோ "இது நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போய், அரைமணி நேரத்தில் அது நிற்காமல் போனதாம். முதலில் நான் சிரித்தேன். பிறகு என் வாயும் பழகிவிட்டது. ஸ்டாலுக்குள் காலை வைத்தால் எனக்கு நல்ல வார்த்தை தவிர வேறெதுவும் வராது. வீட்டில் அந்தக் குணம் இல்லையே என்று மனைவி சொல்வாள்.

பெற்றோர் மூலைக்கு வருகிறேன். அலவத்துகொடையில் இருந்து ஒருவர், பிள்ளைகளை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் நிறுவனம் நடத்துகிறவர், எனக்கு நிரந்தர வாடிக்கையாளர். நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பொய்யான கல்லூரி எதையும் விற்கமாட்டார். தொழுகை நேரம் வந்தால் ஸ்டாலை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். அவருக்கு நான் விமானத்தின் உட்பக்கம் போல ஒரு ஸ்டால் கட்டிக்கொடுத்தேன். வட்ட ஜன்னலுக்கு வெளியே மேகம், பக்கத்தில் பஞ்சில் செய்த பனி. பிள்ளைகள் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். ஆனால் பதிவு குறைவு.

ஏன் என்று நான் ஒரு நாள் முழுக்க நின்று பார்த்தேன். பிள்ளை ஓடிப்போய்ப் பனிக்குள் நிற்கும். அம்மாவும் அப்பாவும் குடையையும் பையையும் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார்கள். ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறுவார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மா, "சரி, போவோமா, பஸ் போயிடும்" என்பாள். நம்ம ஆட்களில் கையெழுத்து வைப்பது பிள்ளை இல்லை. கால் வலிக்கிற அந்த அம்மாதான். எல்லோரும் பிள்ளைக்குக் காசைக் கொட்டிவிட்டு அம்மாவை நிற்க வைத்திருக்கிறார்கள்.

அடுத்த தடவை ஸ்டாலின் உள்மூலையில் ஒரு சோபா போட்டேன். கால்களை ஒரு அங்குலம் வெட்டிப் பதித்தேன், உட்கார்ந்தால் எழும்ப மனம் வராதபடி. மஞ்சள் வெளிச்சம். கடதாசிக் கோப்பை வேண்டாம், வீட்டில் கொடுப்பதுபோல் பீங்கான் கோப்பையில் இஞ்சி போட்ட பிளேன்டீ, பால் விடாத தேத்தண்ணி. எதிரில் ஒரு சின்னத் திரை, அதில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் அம்மாமாரோடு பேசுகிற காட்சிகள். சத்தத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்தேன். கேட்காவிட்டால் குனிவார்கள், குனிந்தால் கவனிப்பார்கள். தேத்தண்ணி முடிகிற நேரம் படிவம் வரும். பக்கத்தில் ஒரு பெட்டி கடதாசிக் கைக்குட்டை, கண் துடைக்க.

பதிவு ஏறியது. அலவத்துகொடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், அண்ணே, இதெல்லாம் எங்க படிச்ச நீங்க?" என்று கேட்டார். அந்த வருடமே மற்ற நிறுவனங்களும் சோபா போட்டன. கால் வெட்டுவது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. நான் தலை கால் தெரியாமல் திரிந்தேன்.

இனி வீட்டைச் சொல்லவேண்டும். நான் புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை. மனைவி யாழ்ப்பாணம், கண்டியில் அரசாங்கக் கந்தோரில் வேலை. மகள் என்னோடு ஒரு தமிழும் அம்மாவோடு இன்னொரு தமிழும் பேசுவாள். என்னிடம் "ஆமாப்பா" என்பவள் திரும்பி அம்மாவிடம் "ஓமம்மா" என்பாள். சின்ன வயதில் அது எங்களுக்குப் பெரிய வேடிக்கை. ஏ.எல். பரீட்சையை விஞ்ஞானத்தில் எடுத்தாள், பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் போதாமல் போனது. இரண்டாம் முறையும் அப்படியே. பிறகு கண்டி நகரத்தில் ஒரு போன் கடையில் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. காலையில் பஸ், மாலையில் பஸ். நான் கேட்டால், "பரவால்லப்பா" என்பாள். அமைதியான பிள்ளை, பிரச்சினை இல்லாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வருடங்களில் நான் கட்டிய ஸ்டால்களைப் பற்றிக் கேளுங்கள், ஒவ்வொன்றின் நிறத்தையும் இன்றைக்கும் சொல்வேன்.

மகளைப் பறிகொடுத்தேன் என்றேனே, அந்தக் கண்காட்சி கண்டி வாவிக்கு மேலே மேட்டில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. இரண்டாம் நாள், சனிக்கிழமை. பகல் சாப்பாட்டு நேரம் முடிந்து நான் ஒரு மின்கம்பியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், மனைவியும் மகளும் வாசலால் வருகிறார்கள். இருவரும் நல்ல உடுப்பில். இத்தனை வருடத்தில் நான் கட்டிய எதையும் அவர்கள் வந்து பார்த்ததில்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. நான் வரவேற்று, மகளிடம் "அந்த ஜன்னல்ல நின்னு ஒரு படம் எடு, தூரத்துல பாக்குறப்ப உண்மையான மேகம் மாதிரியே இருக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். ஜன்னல் பக்கம் போகவில்லை. நேரே உள்மூலைக்குப் போய் சோபாவில் உட்கார்ந்தாள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சோபாவின் காலை எப்படி வெட்டினேன், வெளிச்சத்தை ஏன் மஞ்சளாக்கினேன் என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டு நின்றேன். தேத்தண்ணி வந்தது. அலவத்துகொடைக்காரர் தானே கொண்டுவந்து கொடுத்தார். பின்னாலேயே படிவம் வந்தது. அதில் மகளின் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. இவர்கள் இதற்கு முன் இரண்டு தடவை அவருடைய அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருக்கிறார். "அண்ணன்ட புள்ள எங்கட புள்ள தானே" என்றார்.

மனைவி தேத்தண்ணியைத் தொடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டாள்.

என் நெஞ்சில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. வேண்டாம். ஆனால் அதைச் சொல்ல முடியாதபடி நான் என் ஸ்டாலுக்குள் நின்றேன். பக்கத்தில் வாடிக்கையாளர். இரண்டடி தள்ளி மூத்த பாஸ். சுற்றிவர வேறு இரண்டு குடும்பம், எங்களையே பார்த்துக்கொண்டு. "கொஞ்சம் வெளிய வாங்க, பேசுவோம்" என்று கூப்பிட்டிருக்கலாம். வாசலுக்குப் பத்தடி நடந்தால் போதும். வருடக்கணக்காகப் பழக்கிய வாய் அதன் பாட்டுக்கு, "நல்லதுதானே" என்றது. சொல்லிவிட்டு, மேலே ஒரு விளக்கு மங்கலாக எரிவதுபோல் தெரிந்தது என்று ஏணியைத் தேடிக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வரும்போது படிவத்தில் பொறுப்பாளரின் இடத்தில் மனைவியின் கையெழுத்து இருந்தது.

பணத்தை எப்படிப் புரட்டினோம் என்பதை விடுகிறேன், எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். ஆறு மாதத்தில் போய்விட்டாள். போகிற அன்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "போயிட்டு வாறேன்பா" என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன்.

ஞாயிறு மாலை எங்களுக்கு, அவளுக்குப் பகல். அந்த நேரத்தில் போன் வரும். முதல் மாதங்களில் மரத்தில் இருந்து உதிரும் இலைகளைப் படம் எடுத்து அனுப்பினாள். பிறகு படம் குறைந்தது. படிப்பு நேரம் போக ஒரு களஞ்சியத்தில் பொதி பிரிக்கிற வேலை. நாலு பேருக்கு ஒரு அறை. குளிர் எலும்புக்குள் போகுது என்றாள். ஒரு நாள் குரல் கரகரத்தது, "தடிமன்பா" என்றாள். அடுத்த வாரமும் தடிமன். அதற்கடுத்த வாரம் தடிமன் என்று சொல்லக்கூட இல்லாமல் அழுதாள். அழும்போது அவளுக்கு என்னுடைய தமிழ் வராது. "சாப்பிட்டியாம்மா" என்று நான் கேட்டால் "ஓமப்பா" என்பாள். அந்த ஓம் என்ற ஒன்றரை எழுத்துச் சொல் வரும்போதே எனக்கு விளங்கிவிடும், இன்றைக்கும் அழுகிறாள்.

நான் என்னைத் திட்டிக்கொண்டேன். பிள்ளையைப் பிடிக்க நானே கண்ணி வைத்து, நானே கால் வெட்டிப் பதித்து, நானே தேத்தண்ணிக்கு இஞ்சி போடச் சொன்னேன். யாரைக் குறை சொல்வது. ஆனால் மனிதன் தன்னை மட்டும் எத்தனை நாளைக்குத் திட்டுவான். ஒரு ஞாயிறு, போன் வைத்த கையோடு மனைவியைப் பார்த்து, "நீதானே கையெழுத்து வச்ச" என்றேன். அவள் எழும்பி அடுப்படிக்குப் போனாள். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு சாமான் வாங்குகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

சோபா போடுவதை நான் நிறுத்தினேனா என்றால், இல்லை. எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

இந்த வருடம் அலவத்துகொடைக்காரர் புதிய யோசனையோடு வந்தார். "இப்ப யாரும் மொடல் முகத்த நம்புறல்ல அண்ணே. கொம்பியூட்டர் செஞ்ச முகம்னு சின்னப் புள்ளயும் சொல்லுது. நிஜமான புள்ளட முகம் வேணும், பெரிசா. எல்லா இடத்துலயும் இப்ப இதுதான் போகுது." கொஞ்சம் தயங்கினார். "உங்கட மகள்ட படம் ஒண்டு கிடைக்குமா? விருப்பமில்லாட்டி வேணாம்."

விருப்பமில்லை என்று சொல்லியிருக்கலாம், அவர் வருத்தப்பட்டிருக்கமாட்டார். நான் மகளிடம் கேட்டேன். முடியாது என்பாள் என்று எதிர்பார்த்தேன். பத்து நிமிடத்தில் படம் வந்தது. ஒரு பழைய செங்கல் கட்டடத்துக்கு முன்னால், சிவப்புக் கோட் போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கோட் அறைத்தோழியுடையதாம். கீழே எழுதியிருந்தாள்: "இது போதுமாப்பா? பல்லு தெரியுது, பரவால்லயா?"

கொழும்பில் அச்சடித்துத் துணி சுருளாக வந்தது. பத்தடி உயரம். இந்தத் துணியின் ஓரம் முழுக்க ரப்பர் நாடா தைத்திருக்கும். அதைச் சட்டத்தின் பள்ளத்துக்குள் பெருவிரலால் அழுத்தி அழுத்தி ஏற்றவேண்டும். முதலில் நாலு மூலை, பிறகு நடு, பிறகு மிச்சம். வேறு யாரையும் நான் விடவில்லை. ஏணியில் நின்று நெற்றிப் பக்கத்தை ஏற்றினேன். கீழே இறங்கிக் கோட்டின் ஓரத்தை ஏற்றினேன். விளக்கைப் போட்டதும் வாய் ஓரத்தில் ஒரு சுருக்கம் தெரிந்தது. நீராவிப் பெட்டியைப் பிடித்து, கையால் தடவித் தடவி அதை எடுத்தேன். அவள் பிறந்தபோது முதலில் பார்க்க வந்தவர்களில் மூத்த பாஸும் ஒருவர். நான் தடவுவதைப் பார்த்துவிட்டு, அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு ஆணிகளைப் பொறுக்கத் தொடங்கினார். அங்கே ஆணி எதுவும் கிடக்கவில்லை.

கண்காட்சியின் இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு அம்மா சோபாவில் வந்து உட்கார்ந்தாள். என் மனைவியின் வயதுதான் இருக்கும். மகள் படம் எடுக்கிற இடத்தில் நின்றாள், கூச்சத்தோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். அந்த அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் மகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஒரு திரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். என்னை அந்த நிறுவனத்து ஆள் என்று நினைத்துக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தப் புள்ள நெசமாவே அங்க இருக்கா, இல்ல சும்மா போட்ட படமா?"

பேச்சிலேயே எங்கள் பக்கம் என்று தெரிந்தது. புசல்லாவைதானா என்று கேட்டேன். ஆமா, தோட்டத்து மேல் டிவிசன் என்றாள். அவளிடம் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இருக்கா. அது என் மக."

அவள் முகம் மலர்ந்தது. "அப்படியா. ராசாத்தி மாதிரி இருக்கா. நல்லா இருக்காளாண்ணே?"

மூத்த பாஸ் பின்னால் நிற்பது எனக்குத் தெரியும். வெளியே போய்ச் சொல்லலாம் என்று இந்தத் தடவை தோன்றவே இல்லை.

"இல்லம்மா," என்றேன். "அந்தக் கோட்டுகூட அவளோடது இல்ல. நாலு பேரு ஒரு ரூம்ல இருக்காங்க. பொதி தூக்குறா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல அழுறா. உங்க புள்ளய நல்லா யோசிச்சு அனுப்புங்க."

இத்தனை வருடத்தில் ஸ்டாலுக்குள் நான் சொன்ன முதல் கெட்ட செய்தி. இதைச் சொன்னதும் ஒரு பிள்ளையையாவது காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு நிம்மதி வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அந்த அம்மா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாள். பிறகு, வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னாள்.

"எம்மக இங்கயும் அழுதுகிட்டுதாண்ணே இருக்கா. அங்கன்னா படிச்சிக்கிட்டாவது அழுவா."

அவள் பார்வை மகளிடம் போய் வந்தது. "பேனை இருக்காண்ணே?" என்று கேட்டாள். என் சட்டைப் பையில் இருந்ததைக் கொடுத்தேன்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. குண்டசாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த அம்மாவுக்குத் தெரிகிறது, தன் பிள்ளை அழுகிறது என்று. என் பிள்ளை இந்த வீட்டில், நான் இருந்த இந்த வீட்டில் அழுதாளா? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. அழவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இங்க இருக்கிறப்ப பிள்ளை அழுதிருக்காளா?"

கையை நிறுத்தாமல், "ஓம்" என்றாள்.

"எப்ப?"

"காலமை நீங்கள் வெளிக்கிட்டுப் போன பிறகு. குளியலறைக்குள்ள பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுவாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போவாள். ஒரு வருசத்துக்கு மேல."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"சொல்லவேண்டாம் எண்டு அவள்தான் கேட்டவள். அப்பா களைச்சுப்போய் வாறார் எண்டு."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே மன்னிப்பைக் கேட்டேன். "நான் மட்டும் அந்த மூலையக் கட்டாம இருந்திருந்தா..." என்று தொடங்கினேன்.

அவள் என்னை முடிக்க விடவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. "உங்கட சோபாவில இருந்ததால ஒருத்தரும் கையெழுத்து வைக்கேல்லை. நாங்கள் முதலே முடிவெடுத்திட்டம். கையெழுத்தை அவரின்ர கந்தோரில வச்சிருக்கலாம். உங்களிட்டக் கேக்கத்தான் அங்க வந்தது. உங்களை வீட்டில பிடிச்சு வச்சுக் கதைக்கேலாது, அங்கயெண்டால் நிப்பியள் எண்டு அவள்தான் சொன்னவள். ஏன் பிள்ளை போகப்போறாய் எண்டு நீங்கள் ஒரு சொல் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தவள்."

மடித்த உடுப்பை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள்.

"நீங்கள் கேட்டிருந்தால் போயிருக்கமாட்டாள் எண்டு இல்லை," என்றாள். "ஏனெண்டு சொல்லிப்போட்டுப் போயிருப்பாள்."

அடுத்த நாள் ஞாயிறு. ஸ்டாலைக் கழற்றும் வேலையை பாஸிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். போன் வந்தது. சாப்பாடு, குளிர், பரீட்சை என்று வழக்கமான எல்லாம் பேசி முடிந்த பிறகு, "ஏன்மா போன?" என்று கேட்டேன்.

அவளுக்குப் பின்னால் யாரோ கதவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"இப்ப ஏன்பா கேக்குறீங்க?" என்றாள். அழவில்லை, என்னுடைய தமிழில்தான் கேட்டாள். பிறகு வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.